பேச்சியம்மாளின் ஆறாத புண்

போன மாதம் பாளையங்கோட்டையில் நர்சுப் பயிற்சியில் இருக்கும் பெண்களிடம் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது அவர்களுடைய பாடத்தில் நோயாளியின் மனநிலை என்று தனியாக ஒரு பகுதியே இருக்கிறதாம். எங்கள் காலத்தில் படுக்கை விரிப்பின் மூலையை எப்படி மடிப்பது என்பதற்குத்தான் தனிப் பாடம். நான் பேசி முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மனசு சந்தோஷமா இருந்தா உடம்பு சீக்கிரம் குணமாகும்னு புஸ்தகத்துல இருக்கு. நீங்க பார்த்த வரைக்கும் அது நெசந்தானாம்மா?" என்று கேட்டாள்.

"நெசந்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். பஸ்ஸில் ஊர் திரும்பும்போதுதான் அந்தப் பதில் உறுத்த ஆரம்பித்தது. பேச்சியம்மாளை வைத்துப் பார்த்தால் அவ்வளவு சுலபமாக ஆமாம் போட்டுவிட முடியாது. அந்தப் பெண்ணுக்கு முழுப் பதிலையும் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் நாசரேத் பக்கத்துக்காரி. பெயர் எஸ்தர். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாத்திரம் தேய்த்தேன், துணி அவித்தேன், பிரசவத்துக்கு விளக்குப் பிடித்தேன், நோயாளி முன்னால் அழாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். பிறகு தென்காசியில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். ஒரே ஒரு நீளமான வார்டு. மேற்குச் சன்னலைத் திறந்தால் மலை. சாரல் மாதங்களில் காயப்போட்ட பாண்டேஜ் துணி ஒன்றும் உலராது. அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் உலர்த்துவோம்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் கனகவல்லி அம்மாள். கும்பகோணத்துப் பக்கம். ஊர்க்காரர்களுக்கு 'டாக்டரம்மா'. எப்போதும் வாயில் ஒரு கிராம்பு ஒதுக்கியிருப்பார். நின்றுகொண்டு நோயாளியிடம் பேசவே மாட்டார். முக்காலியை இழுத்துப் போட்டு, ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத்தை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கி, அதற்குப் பிறகுதான் நெஞ்சில் வைப்பார். ஏதாவது ஒன்று அவர் கணக்குக்குச் சரிப்படாமல் இருந்தால் முகம் மலர்ந்துவிடும். "இரு, இரு" என்பார், சன்னலில் வந்து உட்கார்ந்த குருவி பறந்துவிடப் போகிறது என்பதுபோல.

புண் கட்டுவதை அவரிடம்தான் நான் உண்மையாகப் படித்தேன். காய்ந்து ஒட்டிய துணியைப் பிய்த்து எடுக்கக் கூடாது. உப்புப் போட்ட வெந்நீரை, ஊறித் தானாகக் கழன்று வரும் வரை மெல்ல ஊற்ற வேண்டும். இடுக்கி கொதித்து ஆறியிருக்க வேண்டும். துடைப்பது நடுவிலிருந்து வெளியே போக வேண்டும். வெளியிலிருந்து உள்ளே வரக் கூடாது. ஆறுகிற புண்ணின் ஓரத்தில் நீலமும் வெள்ளையும் கலந்து ஒரு மெல்லிய படலம் வரும், வெங்காயத்தின் உள்தோல் போல. அழுக்கென்று நினைத்து முதல் நாள் அதைத் துடைக்கப் போனேன். டாக்டரம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அதைத் தொடாதே எஸ்தர். அதுதான் நாளைக்கு வரப்போற தோல்."

நாடி, காய்ச்சல், வெளிக்குப் போனதா என்ற கேள்விகளோடு அவர் இன்னொன்றும் கேட்பார்: "நேத்து எப்போ சிரிச்சே?" பெண்கள் திருதிருவென்று விழிப்பார்கள். சிலர் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து, "நான் சிரிக்கல்ல டாக்டரம்மா" என்பார்கள்.

இந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். சிவகிரிப் பக்கத்துப் பண்ணையார் ஒருவரின் மனைவியைச் சொன்னார். அந்த அம்மாளுக்கு வருஷம் முழுவதும் தலைவலி, வயிற்றெரிச்சல். சாரலுக்குக் குற்றாலம் வந்து தங்கினால் மட்டும் இரண்டும் போய்விடும். அருவித் தண்ணீரின் மகிமை என்று வீட்டில் எல்லோரும் சொல்ல, டாக்டரம்மா ஒரு யோசனை சொன்னார். பண்ணையாரும் சரியென்று குடம் குடமாக அருவித் தண்ணீரை வண்டியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோனார். அந்த அம்மாள் அதிலேயே குளித்தார், அதையே குடித்தார். தலைவலி ஒரு துளி குறையவில்லை. அடுத்த சாரலுக்குக் குற்றாலம் வந்தார். அருவிக்கே போகவில்லை, வாசலில் உட்கார்ந்து ஈரக்காற்றில் தாயம் விளையாடினார். தலைவலி போய்விட்டது.

"காரணம் தண்ணி இல்லன்னு ஆயிடுச்சு" என்றார் டாக்டரம்மா. "காத்தா? தாயமா? அடுப்படியிலேர்ந்து தப்பிச்ச சந்தோஷமா? சந்தோஷந்தான்னு எனக்குத் தோணுது. ஆனா ஒரு தலைவலிய வெச்சு எப்படிச் சொல்ல? தலைவலியக் கண்ணால பார்க்க முடியாதே. புண்ணுன்னா பார்க்கலாம்."

அதற்குப் பிறகுதான் பேச்சியம்மாள் வந்து சேர்ந்தாள்.

பக்கத்து ஊரான இலஞ்சிக்காரி. முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. புருஷனின் அண்ணன் வீட்டில் இருந்தாள்; அவர் அவளுக்கு அத்தான் முறை, அவர் மனைவி அக்கா முறை. விறகு பிளக்கும்போது கோடாலி வழுக்கி முழங்காலுக்குக் கீழே ஆழமாக வெட்டியிருந்தது. வீட்டில் ஏதேதோ அரைத்து வைத்துக் கட்டி, சீழ் பிடித்த பிறகு மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அண்ணன்காரர் சங்கரபாண்டியன் வாசலில் டாக்டரம்மாவைக் கும்பிட்டார். பேச்சியம்மாள் பக்கம் திரும்பாமலே வண்டியேறினார்.

முதல் இரண்டு நாள் அவள் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலை ரொட்டியும் பாலும் கொண்டுபோய் வைத்தேன். ரொட்டியை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். "நர்சம்மா, இது பஞ்சுல்லா? புண்ணுல வைக்கதுக்குப் பதிலா தட்டுல வச்சிட்டியளா?"

பக்கத்துக் கட்டிலில் சுப்பம்மாள் என்று ஒருத்தி. குற்றாலத்தில் பெண்கள் அருவிப் பக்கம், குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவள். பாறையில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டு மாவுக்கட்டோடு கிடந்தாள். யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத சிடுமூஞ்சி. அவள்தான் முதலில் சிரித்தாள்.

அதற்குப் பிறகு வார்டே மாறிவிட்டது. காய்ச்சல் பார்க்க வாயில் கண்ணாடிக் குச்சியை வைத்தால், எடுத்ததும் பேச்சியம்மாள் கேட்பாள்: "இது காய்ச்சல் பாக்கவா, இல்ல என் வாய அடைக்கவா?" உள்ளறையில் தலைப்பிரசவக்காரி ஒருத்தி அலறினால் இங்கிருந்தே குரல் கொடுப்பாள். "ஏட்டி, மெல்லக் கத்து! புள்ள பயந்து திரும்பிப் போயிரப் போவுது!" வலியிலும் அந்தப் பெண் சிரித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். கடையநல்லூரிலிருந்து நெசவுக்காரப் பெண் ஒருத்தி, பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் சோற்றையே தொடாமல் கிடந்தாள். பேச்சியம்மாள் நொண்டிக்கொண்டே போய் அவள் கட்டிலில் உட்கார்ந்து, கஞ்சிக் கிண்ணத்தோடு வழக்காடுவதுபோல ஏதோ பேசுவாள். கிண்ணம் காலியாகிவிடும்.

"நேத்து எப்போ சிரிச்சே?" என்று டாக்டரம்மா கேட்டபோது, "எப்போ நிறுத்தினேன்னு கேளுங்க டாக்டரம்மா" என்றாள் பேச்சியம்மாள்.

டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் தேடிக்கொண்டிருந்த ஆள் தானாக வந்து சேர்ந்துவிட்டாள். சிரிக்கிற மனசு, கண்ணுக்குத் தெரிகிற புண். எண்ணெய் தடவிய மெல்லிய தாளைப் புண்ணின் மேலாகப் பிடித்து, பென்சிலால் ஓரத்தை வரைந்து எடுப்பார். ஒவ்வொரு முறையும் வட்டம் சின்னதாகிக்கொண்டே வந்தது. "பாரு எஸ்தர், சிரிக்கச் சிரிக்கச் சுருங்குது" என்றார். புண் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வந்ததும், "அடுத்த வாரம் வீட்டுக்குப் போகலாம் பேச்சி" என்று சொன்னார்.

அடுத்த முறை கட்டை அவிழ்த்தபோது புண் பழைய அளவுக்குத் திரும்பியிருந்தது. புதுத்தோல் கரைந்து போயிருந்தது.

"இரு, இரு" என்றார் டாக்டரம்மா. சர்க்கரை வியாதியாக இருக்குமோ என்று மூத்திரத்தை நீல மருந்தில் கொதிக்கவைத்துப் பார்த்தோம். நீலம் நீலமாகவே இருந்தது, சர்க்கரை இல்லை. ரத்தம் போதவில்லையோ என்று முட்டையும் கேப்பைக் களியும் கொடுத்தோம். கட்டிலைச் சன்னலோரம் நகர்த்தினோம். புண் மறுபடி ஆற ஆரம்பித்தது. மறுபடி சின்னதாயிற்று. "வீட்டுக்குச் சொல்லி அனுப்பவா?" என்று டாக்டரம்மா கேட்ட வாரமே மறுபடி திறந்துகொண்டது. அந்தத் தடவை அதோடு நிற்கவில்லை.

காலையில் நடுக்கம் வந்தது. கட்டில் சட்டம் கடகடவென்று ஆடும் அளவுக்கு நடுக்கம். மதியத்துக்குள் கால் வீங்கிப் பளபளத்தது. சிவப்பாக ஒரு கோடு தொடை வரை ஏறியது. இன்றைக்கென்றால் ஊசி போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். அன்று எங்களிடம் பென்சிலின் கிடையாது. வெந்நீர் ஒத்தடமும் உப்புக் கட்டும்தான். ஜில்லா ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய டாக்டர் வந்து பார்த்தார். தொடைக்குக் கீழே எடுத்துவிடுவதுதான் நல்லது, தாமதித்தால் உயிருக்கு ஆபத்து என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அப்படிக் கால்களை எடுத்துத்தான் உயிர்களைக் காப்பாற்றினோம்.

டாக்டரம்மா ஒரு நாள் அவகாசம் கேட்டார். நானும் ஆயாவும் மாறி மாறி ஒத்தடம் கொடுத்தோம். வார்டில் ஒரு சத்தம் இல்லை. கையில் மாவுக்கட்டோடு சுப்பம்மாள் வந்து, பேச்சியம்மாளின் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டே இருந்தாள். "ஏட்டி பேச்சி, ஏதாவது பேசுட்டி" என்று அவள் கெஞ்சியதை நான் மறக்கவில்லை. மறுநாள் சிவப்புக் கோடு ஏறாமல் நின்றது. அதற்கு அடுத்த நாள் இறங்கியது. பெரிய டாக்டர் கத்தியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, "அதிர்ஷ்டக்காரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கால் பிழைத்தது. புண்ணும் மூன்றாவது தடவையாக ஆறிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு அனுப்புவது பற்றி மறுபடியும் பேச்செடுத்தோம். அந்த வாரம் கட்டை அவிழ்த்த டாக்டரம்மா அப்படியே குனிந்தவாறு இருந்தார். புண்ணின் ஓரம் வெந்தது போல வெளுத்திருந்தது. சீழ் இல்லை, நாற்றமும் இல்லை. என்னைப் பார்த்து, "அந்தச் சிவப்புத் தாளை எடுத்துட்டு வா" என்றார். மூத்திரம் பார்ப்பதற்காக வைத்திருக்கும் லிட்மஸ் தாள். ஈரப்படுத்தி ஓரத்தில் ஒற்றி எடுத்தார். சிவப்பு, நீலமாக மாறியது.

எங்கள் மருந்து எதுவும் அப்படிச் செய்யாது. சுண்ணாம்பு செய்யும்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இரவும் பகலும் ஒத்தடம் கொடுத்த கை என்னுடையது. டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அவர் முக்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டார். அவர் முகத்தில் கோபமே இல்லை. குருவியைப் பார்க்கிற அதே முகம்தான்.

"பேச்சி, பச்சைப் புண்ணுல சுண்ணாம்பு வெச்சா உயிர் போறாப்பல எரியுமே. எப்படித் தாங்கினே?"

பேச்சியம்மாள் சன்னலைப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்த சுருக்குப் பையிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்துத் தானாகவே டாக்டரம்மா கையில் வைத்தாள்.

"எரியத்தான் செய்யும், டாக்டரம்மா. ஆனா அது கொஞ்ச நேரந்தான்."

"வீட்டுல அடிக்கிறாங்களா?"

"ஐயையோ, அப்படிச் சொல்லக் கூடாது. அத்தான் தங்கமான மனுசரு. வேளைக்குச் சோறு உண்டு, வருசத்துக்குச் சீலை உண்டு. பேச்சுதான் கிடையாது. அவியளுக்கு நா இருக்கதே தெரியாது. 'மாட்டுக்குத் தண்ணி காட்டணும்'னு அக்கா சொவரப் பாத்துச் சொல்லுவா. நாந்தான்னு வெளங்கிக்கிடணும். இத்தனை வருசமா அப்படித்தான்."

"ஏன்?"

"எங்க வீட்டுக்காரரு தென்னையிலேருந்து விழுந்துட்டாருன்னு பக்கத்துத் தோப்புக்காரன் ஓடி வந்து சொன்னான். அவன் எப்பவும் என்னைக் கேலி பண்ணுதவன். நானும் விளையாட்டுன்னு நெனைச்சு, 'எந்தத் தேங்காய்க்குப் பதிலா விழுந்தாரு?'ன்னு கேட்டுச் சிரிச்சிட்டேன். அத்தானும் அக்காவும் அங்கனதான் நின்னுக்கிட்டு இருந்தாவ." அவள் குரல் அதுவரை உடையவில்லை. இப்போதுதான் உடைந்தது. "அதுக்கப்புறம் அந்த வீட்ல நா சிரிக்கல்ல. இங்கனதான் டாக்டரம்மா, என் பேச்சுக்கு நாலு பேரு சிரிச்சாவ. காலு போனாலும் இங்கனயே ஒரு மூலையில கிடந்துக்கிடலாம்னு நெனைச்சேன்."

டாக்டரம்மா வெகு நேரம் அந்தச் சுண்ணாம்பு டப்பாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். அறைக்குப் போனதும் என்னிடம் சொன்னார்: "சந்தோஷம் உடம்பைக் குணமாக்கும்னு நான் நினைச்சிட்டிருந்தேன் எஸ்தர். இவ சந்தோஷமா இருக்கறதுக்காக உடம்பையே அடுப்புல வெச்சிட்டா. நான் தாளை வெச்சு வரைஞ்சுட்டே இருந்தேன், ஒண்ணும் தெரியல."

சங்கரபாண்டியனுக்கு ஆளனுப்பினார். அவர் வந்தார். சுண்ணாம்பு விஷயத்தைக் கேட்டதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உண்மையாகவே கலங்கிப்போயிருந்தார்.

"நாங்க என்ன குறை வச்சோம் டாக்டரம்மா? ஒரு நாளு பட்டினி போட்டது உண்டா?"

"இல்லன்னுதான் அவளும் சொல்றா. அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசலாமே அண்ணாச்சி?"

"என்னத்தப் பேச? எந்தம்பி செத்த சேதிக்குச் சிரிச்சவ. அவ மொகத்தப் பாத்தா எனக்கு அந்தச் சிரிப்புதான் கேக்குது. நா என்ன செய்யட்டும்?"

அவளைத் திட்டவும் அவருக்குத் தெரியவில்லை, மன்னிக்கவும் தெரியவில்லை. போகும்போது வார்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். உள்ளே பார்த்தார். பேசாமல் போய்விட்டார்.

வழி சொன்னது சுப்பம்மாள்தான். முதல் தடவை சரியாகச் சேராமல் மறுபடி கட்டின அவள் கை எலும்பு கூடி, மாவுக்கட்டை வெட்டி எடுத்த நாள். மெலிந்துபோன கையை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே, "இந்தக் கை இனிமே முன்ன மாதிரி அமுக்காது" என்றாள். "சாரலுக்குக் கூட்டம் தாங்காது. எனக்கு ஒரு ஆளு வேணும். இவளுக்கு வாய் மட்டுந்தான் பலம்னு நெனைச்சேன், கையும் பலம்தான். என்கூட வாரியாட்டி பேச்சி? காலு ஆறின பொறவு வா. புண்ணோட வந்தா ஒருத்தியும் கிட்டச் சேர்க்க மாட்டா."

பேச்சியம்மாள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று முழுவதும் போர்வைக்குள் இருந்தாள்.

அதற்குப் பிறகு அந்தப் புண் ஆறிய வேகத்தை நான் வேறு எந்தப் புண்ணிலும் பார்க்கவில்லை. ஓரத்து வெங்காயத் தோல் நாளுக்கு நாள் உள்ளே நகர்ந்து நடுவில் போய்ச் சேர்ந்தது. "பார்த்தீங்களா, நீங்க சொன்னதுதான் சரி" என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் தலையாட்ட மறுத்தார்.

"சுண்ணாம்பு நின்னதால ஆறிச்சா, போக இடம் கிடைச்சதால ஆறிச்சா? ரெண்டும் ஒரே வாரத்துல நடந்துடுச்சே எஸ்தர். இனிமே பிரிச்சுப் பார்க்க முடியாது." அதைச் சொல்லும்போது அவருக்கு வருத்தமும் இருந்தது, ஒரு குஷியும் இருந்தது. "ஒண்ணு மட்டும் தெரியுது. சந்தோஷம் மருந்து இல்ல. அது பசி மாதிரி. கிடைக்கலேன்னா உடம்பு என்ன வேணாலும் பண்ணிக்கும்."

அடுத்த வருஷம் அவருக்கு மாற்றல் வந்தது. அவர் பிறகு எங்கெங்கோ வேலை பார்த்தார். நான் யுத்தம் முடியும் வரை தென்காசியிலேயே இருந்தேன். "நேத்து எப்போ சிரிச்சே?" என்று நோயாளிகளிடம் நானும் கேட்டுவந்தேன். ஆனால் அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொண்டேன்: "வீட்டுல உன்கிட்ட யாரு பேசுவா?" பல சமயங்களில் இரண்டாவது கேள்விக்குத்தான் கண் கலங்கும். அந்த மாதிரிப் பெண்களை அனுப்புவதற்கு முன் வீட்டிலிருந்து யாரையாவது வரவழைத்துப் பேசுவோம். சில வீடுகளில் பலித்தது, பலவற்றில் இல்லை. பேசிப் பலித்த வீட்டுப் பெண்கள் எல்லோரும் சீக்கிரம் குணமானார்களா என்று கேட்டால், இல்லை. நன்றாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்த சிலர் எங்கள் கையிலேயே போனார்கள். ஒரு சொல் பேச ஆளில்லாத சிலர் எழுந்து நடந்து போனார்கள். அந்தப் பயிற்சிப் பெண்ணுக்கு இதையும் சொல்ல வேண்டும்.

யுத்தத்தின் கடைசி வருஷங்களில் ஒரு சாரல் சமயம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து குற்றாலம் போனேன். அருவிச் சத்தத்தையும் மீறி ஒரு கூட்டம் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் பேச்சியம்மாள். உடம்பு போட்டிருந்தாள். முழங்கை வரை எண்ணெய். பாறைமேல் உட்கார்ந்திருந்த ஒரு வக்கீல் வீட்டு அம்மாளின் தோளை அமுக்கிக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினாள். வெளுத்த தழும்பு, நல்ல தோல். "டாக்டரம்மாவுக்கு எழுதுனா சொல்லுங்க. வருதவுகளுக்கு எல்லாம் அவிய பெயரச் சொல்லித்தான் எண்ணெய் வைக்கேன்."

வேலை முடிந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுப்பம்மாள் போன வருஷம் தவறிவிட்டதைச் சொன்னாள். கடைசி வரை தன்னோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்ததைச் சொல்லிச் சிரித்தாள், அழுதாள். இலஞ்சியிலிருந்து யாராவது வருவதுண்டா என்று கேட்டேன்.

"அத்தான் வரல்ல. அக்கா போன மாசம் வந்தா நர்சம்மா. இடுப்பு வலி. நாந்தான் இங்கன தேய்க்கேன்னு தெரிஞ்சுதான் வந்திருக்கா. ஒண்ணும் பேசல்ல. முதுகக் காட்டி உக்காந்தா. நானும் பேசாம எண்ணெய எடுத்து வச்சேன். கொஞ்ச நேரங்கழிச்சு, 'மெல்லத் தேயி'ன்னா."

பேச்சியம்மாள் கையிலிருந்த எண்ணெயைக் காலில் துடைத்துக்கொண்டாள்.

"சொவரப் பாத்துச் சொல்லல்ல நர்சம்மா. என்கிட்டதான் சொன்னா. இத்தனை வருசத்துக்கு அப்புறம் முத வார்த்தை."

"நீ என்ன செஞ்சே?"

"இன்னொரு வார்த்தை வரட்டும்னு இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேச்சேன்."